எலிக்சிரா, க்ளோஜரா, பழகிய லாராவெல்லா? அதிகம் பேர் எழுதாத மொழியில் வெப் ப்ராஜெக்ட் தொடங்கும் முன்

சிறிய டீம் வைத்து வெப் அப்ளிகேஷன் செய்யும் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்வி விதவிதமாக வருகிறது. "லாராவெல்லில் பத்து வருஷமா எழுதுறோம், அடுத்ததை எலிக்சிரில் தொடங்கலாமா?" "க்ளோஜர் கத்துக்கிட்டேன், ரொம்பப் பிடிச்சிருக்கு, கிளையன்ட் வேலைக்கு எடுக்கலாமா?" "எல்லாரும் நோடு பக்கம் போறாங்க, நாம மட்டும் வேற எதையாவது எடுத்தா மாட்டிக்குவோமா?" எலிக்சிரும் க்ளோஜரும் அதிகம் பேர் எழுதாத புரோகிராமிங் மொழிகள். லாராவெல், பிஎச்பி மொழியில் வெப் அப்ளிகேஷன் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க், அதாவது தயார்க் கட்டமைப்பு. நோடு, ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டுவது.

இதற்கு "அதிகம் பேர் எழுதுவதையே எடுங்கள், ஆள் கிடைக்கும்" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். பல சமயம் அது சரியான பதிலும்கூட. ஆனால் ஒரு கிளினிக்கின் டோக்கன் திரையை எலிக்சிரில் எழுதி நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் எனக்குப் புரிந்தது வேறு. ஒரு மொழி எத்தனை பேருக்குத் தெரியும் என்பதைவிட, அது எதன்மேல் நிற்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டிய விஷயம்.

இரண்டு பழைய கதைகளைப் பாருங்கள். ரெடிட் என்ற விவாதத் தளம் 2005இல் காமன் லிஸ்ப் மொழியில் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பைத்தானுக்கு மாறிவிட்டது. லிஸ்ப் மொழியில் குறை கண்டு அவர்கள் மாறவில்லை. நாலு பேர் பயன்படுத்திச் சோதித்த லைப்ரரிகள் (பிறர் எழுதி வைத்த தயார்ப் பகுதிகள்) போதவில்லை. சொந்த மேக் கணினியில் ஓடும் லிஸ்ப்பும் சர்வரில் ஓடும் லிஸ்ப்பும் வேறு வேறாக இருந்தன. வாட்ஸ்அப் எடுத்த எர்லாங்கும் அதிகம் பேர் எழுதாத மொழிதான். ஆனால் அது 1986இலிருந்து எரிக்சனில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காகவே வளர்ந்த மொழி. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான இணைப்புகளைத் தாங்குவதுதான் அதன் பிறவி வேலை, வாட்ஸ்அப்புக்கு வேண்டியதும் அதுவே. 2012இல் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளை நிறுத்திக் காட்டினார்கள். 2014இல் ஃபேஸ்புக் வாங்கியபோது 45 கோடிப் பயனர்கள் இருந்தார்கள், என்ஜினியர்கள் முப்பத்துச் சொச்சம் பேர்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, மேலே சொன்னதுதான்: கீழே நிற்கும் தளம். மொழியை உருவாக்கியவர் நாளை விலகினாலும் அது ஓடிக்கொண்டிருக்குமா?

இரண்டாவது, வெளி உலகத்தோடு இணையும் இடங்கள். பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ், பிடிஎஃப் ரசீது, எக்ஸெல் ரிப்போர்ட். நம்மூர் ப்ராஜெக்ட் எதை எடுத்தாலும் இந்த நான்கும் இருக்கும், டெமோ வீடியோக்களில் இவை நான்கும் இருக்காது. எஸ்எம்எஸ் கவலை இல்லை. சாதாரண எச்டிடிபி அழைப்புதான், எந்த மொழியிலும் பத்து வரி. தமிழில் பிடிஎஃப் மட்டும் எல்லா மொழியிலுமே தொல்லை. 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும், பிடிஎஃப்பை நேரடியாக எழுதும் பல லைப்ரரிகள் அதைக் குழப்பிவிடும். திரையில்லாமல் சர்வரிலேயே ஓடும் க்ரோம் பிரவுசர் வழியாகப் பிடிஎஃப் எடுப்பதே நம்பகமான வழி. அந்த வழி நீங்கள் எடுக்கும் மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஆள். இன்று ஆள் இருக்கிறாரா என்பதைவிட, அவர் போனால் அடுத்தவர் எத்தனை வாரத்தில் தயாராவார் என்பது.

நான்காவது, ஹோஸ்டிங். ஐந்தாவது, திரும்பும் வழி. மொழி சரிவரவில்லை என்றால் எழுதியதில் எவ்வளவு கையில் மிஞ்சும்?

ஆறாவதாகத் தமிழ் எழுத்துகளை எப்படிக் கையாள்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டு ஒப்பீடுகளில் இது வராது, ஆனால் நமக்கு அன்றாடப் பிரச்சினை.

## எலிக்சிர்

பிரேசிலைச் சேர்ந்த ஜோசே வலீம் 2011இல் தொடங்கிய மொழி. அவர் ரூபி மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ரூபி ஆன் ரெயில்ஸின் மையக் குழுவில் இருந்தவர் என்பதால் எழுத்தின் சாயல் ரூபியை ஒத்திருக்கும். உள்ளே ஓடுவது எர்லாங்கின் பீம் என்ற மென்பொருள் இயந்திரம். 2014இல் 1.0 வந்தது. இன்றுவரை 2.0 வரவில்லை, அதாவது ஏற்கெனவே எழுதிய கோடு (நிரல்) ஓடாமல் போகும்படியான பெரிய மாற்றம் எதையும் மொழி செய்யவில்லை. வெப் வேலைக்கு பீனிக்ஸ் என்ற ஒரே ஃப்ரேம்வொர்க்கைத்தான் ஏறக்குறைய எல்லோரும் எடுக்கிறார்கள்.

என் கிளினிக் வேலை இதற்கென்றே அமைந்தது. டாக்டர் அறையில் 'அடுத்தவர்' பொத்தானை அழுத்தினால் காத்திருப்பு அறை டிவியிலும், ரிசப்ஷனிலும், வீட்டிலிருந்து பார்க்கும் நோயாளியின் போனிலும் எண் உடனே மாற வேண்டும். நோடில் செய்திருந்தால் வெப்சாக்கெட்டுக்கு ஒரு லைப்ரரி, செய்திகளைப் பரப்ப ரெடிஸ், பின்னணி வேலைகளுக்குத் தனி க்யூ, பயனர் பார்க்கும் முன்பக்கத்துக்கு ரியாக்ட் என்று அடுக்கிக்கொண்டு போயிருப்பேன். பீனிக்ஸில் செய்தி பரப்புவது உள்ளேயே இருக்கிறது. பின்னணி வேலைகளுக்கு ஓபன் (Oban) என்ற லைப்ரரி, ஏற்கெனவே இருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையே பயன்படுத்திக்கொள்கிறது. லைவ்வியூ என்ற பகுதி, பக்கத்தைச் சர்வரிலேயே உருவாக்கி, மாறிய துண்டை மட்டும் பிரவுசருக்கு அனுப்புகிறது. முன்பக்கத்துக்குத் தனியாக ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டிய தேவை மிகக் குறைவு. ஒரு ஜிபி ரேம் உள்ள விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் சிறு மெய்நிகர் சர்வரில்) எல்லாம் ஓடுகிறது. ஒரு நோயாளியின் பக்கத்தில் பிழை வந்தால் அந்த ஒரு ப்ராசஸ் மட்டும் விழுந்து மறுபடி எழும், மற்ற திரைகளுக்கு எதுவும் தெரியாது.

இப்போது மறைந்திருந்த செலவுகள்.

பேமென்ட். கேட்வே நிறுவனங்கள் வழக்கமாக பிஎச்பி, பைத்தான், ஜாவா, நோடு மொழிகளுக்கு லைப்ரரி கொடுக்கும், எலிக்சிர் அந்தப் பட்டியலில் இருப்பது அபூர்வம். உலகம் முழுவதும் பயன்படும் ஸ்ட்ரைப்கூட அதிகாரபூர்வமாக எலிக்சிருக்கு ஒன்று தரவில்லை. தனியார் யாரோ எழுதிய லைப்ரரி ஒன்று எனக்குக் கிடைத்தது, மூன்று வருடமாகத் தொடப்படாமல் கிடந்தது. நானே எழுதினேன். பணம் வந்ததும் கேட்வே அனுப்பும் செய்தியின் கையெழுத்தை (செய்தி அவர்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் குறியீட்டை) சரிபார்க்கும் இடத்தில் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன். பீனிக்ஸ் அந்தச் செய்தியை முதலிலேயே படித்துப் பிரித்துவிடுகிறது. கையெழுத்தைச் சரிபார்க்கப் பிரிக்காத மூல வடிவம் வேண்டும். அதைத் தனியாகப் பிடித்துவைக்க ஒரு சிறு ஃபங்ஷன் எழுத வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் பத்து நிமிட வேலை. பிஎச்பியில் இது கேட்வேயின் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அதிகம் பேர் எழுதாத மொழியில் நேரம் போவது இப்படித்தான்: பெரிய சிக்கல்கள் அல்ல, யாரும் எழுதி வைக்காத சின்னச் சிக்கல்கள்.

ஆள். என்னோடு எழுதியவர் வேறு ஊருக்குப் போனபோது எலிக்சிர் தெரிந்த இன்னொருவரை மூன்று மாதம் தேடினேன். கடைசியில் ரூபி தெரிந்த ஒருவரை எடுத்து ஆறு வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அவர் இன்றும் இருக்கிறார், நன்றாக எழுதுகிறார். ஆனால் அந்த நாலரை மாதத்துக்கு ஒரு விலை உண்டு. அதைத் திட்டச் செலவில் முதலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், லைவ்வியூவின் இயல்பு. ஒவ்வொரு கிளிக்கும் சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டும். சர்வர் மும்பையில் இருந்தால் தெரியாது, அமெரிக்காவில் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு தயக்கம் தெரியும். நெட் அறுந்தால் பக்கம் உறைந்துவிடும், திரும்ப இணையும்போது, சரியாக எழுதிய ஃபார்மில் பாதி நிரப்பிய தகவல்களை லைவ்வியூவே மீட்டுத்தரும், மற்றவை போகாமலிருக்க நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். கிராமங்களில் சுற்றி விவரம் சேகரிக்கும் களப்பணியாளர்களுக்கான ஆப் என்றால் லைவ்வியூ வேண்டவே வேண்டாம். கனமான கணக்குகளும் பீமுக்கு ஒத்துவராது. எலிக்சிரைப் பெரிய அளவில் பயன்படுத்தும் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி நிறுவனமே, 2019இல் உறுப்பினர் பட்டியலை வரிசைப்படுத்தும் பகுதியை மட்டும் ரஸ்ட் மொழியில் எழுதி இணைத்தது.

இணையத்தில் கிடைக்கும் பாடங்களும் பழையவை. பீனிக்ஸ் 1.7 என்ற பதிப்பு 2023 பிப்ரவரியில் வந்தபோது பக்கங்களை எழுதும் முறையே மாறிவிட்டது. அதற்கு முந்தைய கட்டுரைகளைப் பார்த்து எழுதினால் குழப்பம்தான். ஏஐ உதவியாளர்களும் இரண்டு முறைகளையும் கலந்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் விஷயத்தில் மட்டும் எலிக்சிருக்கு முழு மதிப்பெண். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால், நம்மைப் போலவே அது 3 என்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டும் பைத்தானும் 5 என்கின்றன, பிஎச்பியின் சாதாரண நீள ஃபங்ஷன் 15 என்கிறது. டோக்கன் திரையில் இடம் போதாமல் 'கார்த்திகேயன்' என்ற பெயரை 7 குறிகளில் வெட்டினால் பைத்தானில் 'கார்த்த' என்று நிற்கும். மற்ற மொழிகளிலும் சரியாக எண்ண வழி உண்டு, ஆனால் அதை யாராவது நினைவில் வைத்திருந்து எழுத வேண்டும். எலிக்சிரில் சாதாரணமாக எழுதினாலே சரியாக வரும்.

## க்ளோஜர்

ரிச் ஹிக்கி 2007இல் வெளியிட்டது. லிஸ்ப் குடும்பத்து மொழி, ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் என்ற மென்பொருள் இயந்திரத்தின் மேல் ஓடுவது. அடைப்புக்குறிகளைப் பார்த்தே பலர் பயந்து ஓடுகிறார்கள். ஒரு வாரத்தில் கண் பழகிவிடும், அதை ஒரு காரணமாகவே எடுக்காதீர்கள்.

ரெடிட்டுக்கு லிஸ்ப்பில் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது: ஜாவாவின் லைப்ரரிகள் முழுவதும். கேட்வே நிறுவனம் ஜாவாவுக்குக் கொடுப்பதை அப்படியே அழைக்கலாம். எக்ஸெல்லுக்கு அப்பாச்சி பிஓஐ என்ற லைப்ரரி இருக்கிறது. எலிக்சிரில் எனக்குப் போன அந்த ஒரு நாள் இங்கே போயிருக்காது. பிரேசிலின் நூபேங்க் தன் வங்கிச் சேவையையே க்ளோஜரில் கட்டியது. க்ளோஜரை வளர்த்துவந்த காக்னிடெக்ட் நிறுவனத்தை 2020இல் அதுவே வாங்கிக்கொண்டது. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களின் பணம் ஒரு மொழியின் மேல் நிற்கும்போது, அந்த மொழி நாளைக்குக் கைவிடப்படும் என்ற பயம் குறைகிறது. பழைய கோடு உடையாமல் ஓடுவதிலும் இந்த மொழிக்காரர்கள் பிடிவாதமானவர்கள்.

செலவு எங்கே? பீனிக்ஸ் போல எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே ஃப்ரேம்வொர்க் இல்லை. ரூட்டிங்குக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று என்று நீங்களே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். அனுபவசாலிக்கு அது சுதந்திரம், முதல் ப்ராஜெக்ட் செய்பவருக்கு மாதக்கணக்கில் தயக்கம். பிழை வந்தால் ஜாவாவின் நீண்ட தடயப் பட்டியல் திரையை நிரப்பும், புதியவர் மிரண்டுபோவார். அப்ளிகேஷன் எழ நேரமாகும், ரேம் கூடுதலாக வேண்டும். சின்ன விபிஎஸ்ஸில் இது உறைக்கும்.

ஆள் விஷயம் இங்கே கொஞ்சம் வித்தியாசம். க்ளோஜர் தெரிந்தவர்கள் எலிக்சிர் தெரிந்தவர்களைவிடவும் அரிதாக இருக்கலாம். ஆனால் ஜாவா தெரிந்தவர்களுக்கு நம்மூரில் பஞ்சமே இல்லை. அவர்களுக்கு ஜேவிஎம் பழக்கம், லைப்ரரிகள் பழக்கம், மொழி மட்டும் புதிது. திரும்பும் வழியும் சுலபம். ஒரே ஜேவிஎம் உள்ளேயே ஒவ்வொரு பகுதியாக ஜாவாவுக்கோ கோட்லினுக்கோ மாற்றிக்கொண்டு போகலாம்.

கட்டணக் கணக்கு, வட்டி, தள்ளுபடி, விதிமுறை என்று தகவலைப் பல விதமாகப் புரட்டும் வேலைக்கு இது அருமையான மொழி. ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனிலேயே வரிவரியாகச் சோதித்துப் பார்க்கும் சுகம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

## கிரிஸ்டல்

ரூபி போல எழுதலாம், கம்பைல் ஆகும் (ஓடும் முன்பே இயந்திர மொழிக்கு மாறும்), வேகமாக ஓடும், ஒரே ஃபைலாகச் சர்வரில் கொண்டுபோய் வைக்கலாம். 2021 மார்ச்சில் 1.0 வந்தது. எழுதிப் பார்த்தால் உடனே பிடித்துவிடும்.

ஆனால் முதல் அளவுகோலிலேயே தடுக்குகிறது. பீம் போலவோ ஜேவிஎம் போலவோ தலைமுறை தாண்டிய லைப்ரரிக் களஞ்சியம் இதற்குக் கீழே இல்லை. இருப்பவற்றில் பல, தனி ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரிப்பவை. ப்ராஜெக்ட் பெரிதாகும்போது கம்பைல் ஆகக் காத்திருக்கும் நேரமும் பெரிதாகும். வெளி இணைப்பு அதிகம் தேவைப்படாத சின்ன ஏபிஐக்கு (வேறு ஆப்கள் தகவல் கேட்டு வாங்கும் சேவைக்கு) எடுக்கலாம். முழு வியாபாரத்தையும் இதன் மேல் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

## எல்ம்

இது முன்பக்கத்துக்கான மொழி. எவான் சாப்ளிக்கி 2012இல் கொண்டுவந்தது. கம்பைல் ஆகிவிட்டால் பிரவுசரில் அநேகமாக விழாது. பிழைச் செய்திகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லித்தருவது போல இருக்கும். ரியாக்ட் உலகில் பரவிய ரிடக்ஸ் என்ற லைப்ரரிக்கு இதன் அமைப்பும் ஒரு தூண்டுதல்.

எனக்கு மிகவும் பிடித்த மொழி என்பதால் இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது: புதிய ப்ராஜெக்டுக்கு எடுக்க வேண்டாம். 2018இல் 0.19 வந்தபோது, ஜாவாஸ்கிரிப்டை நேரடியாக உள்ளே இணைக்கும் வழி வெளியாட்களுக்கு மூடப்பட்டது. அந்த வழியை நம்பியிருந்த டீம்கள் திணறின. 2019 அக்டோபரில் 0.19.1. அதன் பிறகு பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. எழுதிய கோடு இன்றும் ஓடுகிறது, ஆனால் மொழி எந்தப் பக்கம் போகும் என்பது ஒருவர் கையில் இருக்கும்போது அந்த முடிவை நீங்களும் ஏற்க வேண்டியிருக்கும்.

திரும்பும் வழியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கமாக எழுத உதவும் காஃபிஸ்கிரிப்ட் என்ற மொழி 2009இல் வந்தது. 2011இல் ரெயில்ஸ் 3.1 அதைத் தன்னோடு சேர்த்தே கொடுத்தது. 2015இல் ஜாவாஸ்கிரிப்டே அதன் நல்ல அம்சங்களை எடுத்துக்கொண்டதும் தேவை குறைந்தது. டிராப்பாக்ஸ் நிறுவனம் 2017இல் டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழிக்கு மாறியது. அது வேலைதான், ஆனால் முடிகிற வேலை. ஏனென்றால் காஃபிஸ்கிரிப்ட் மனிதர் படிக்கக்கூடிய ஜாவாஸ்கிரிப்டாக மாறும், மாற்றித் தரும் கருவிகளும் இருந்தன. எல்ம் கக்கும் ஜாவாஸ்கிரிப்டை மனிதர் படித்துத் தொடர முடியாது. விட்டுவர வேண்டுமானால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

## பழகிய மொழியிலேயே இருப்பது

லாராவெல், பைத்தானின் ஜாங்கோ, நோடு எதுவானாலும் இங்கே ஒரே தட்டில் வைக்கிறேன். லைப்ரரி, ஆள், உதவி, பதில்கள் எல்லாம் தயார். பிஎச்பி என்றால் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில்கூட ஏற்றிவிடலாம், மற்ற மொழிகளுக்குப் பெரும்பாலும் ஒரு விபிஎஸ்ஸும் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

இதற்கும் மறைந்த செலவு உண்டு. உடனுக்குடன் மாறும் திரைகள், ஆயிரக்கணக்கான திறந்த இணைப்புகள் என்று வரும்போது மேலே மேலே துணைச் சேவைகளைச் சேர்த்துக்கொண்டே போவோம். ஒவ்வொன்றும் இரவு இரண்டு மணிக்கு விழக்கூடிய ஒரு இடம்.

| | எலிக்சிர் | க்ளோஜர் | கிரிஸ்டல் | எல்ம் | லாராவெல், ஜாங்கோ |
|---|---|---|---|---|---|
| கீழே நிற்பது | எர்லாங்கின் பீம் | ஜேவிஎம் | சொந்தக் கால் | பிரவுசர், ஆனால் மொழி ஒருவர் கையில் | பெரிய சமூகம் |
| பேமென்ட், எக்ஸெல் | சிலதை நீங்களே எழுத வேண்டும் | ஜாவாவிலிருந்து கிடைக்கும் | பெரும்பாலும் நீங்களே | பொருந்தாது | தயார் |
| அடுத்த ஆள் | ரூபி தெரிந்தவருக்குக் கற்றுக்கொடுங்கள் | ஜாவா தெரிந்தவருக்குக் கற்றுக்கொடுங்கள் | ரூபி தெரிந்தவர் | கடினம் | உடனே |
| சர்வர் | சின்ன விபிஎஸ் போதும் | ரேம் கூடுதல் | மிகச் சின்னது போதும் | தேவையில்லை | பிஎச்பிக்கு ஷேர்டு ஹோஸ்டிங்கும் போதும் |
| திரும்பும் வழி | லைவ்வியூ என்றால் கடினம், ஏபிஐ என்றால் நடுத்தரம் | சுலபம் | நடுத்தரம் | கடினம் | தேவை குறைவு |

## என் முடிவு எப்படிப் போகும்

அப்ளிகேஷனை நீங்கள் எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வரப் போகிறீர்கள், பிறகு கிளையன்ட் வேறு யாரிடமோ பராமரிப்புக்குக் கொடுப்பார் என்றால், பழகிய மொழிதான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. நம் ஆசைக்கு ஒரு மொழியை எடுத்து, பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத ஒன்றை ஒரு கடைக்காரர் கையிலோ பள்ளிக்கூடத்தின் கையிலோ விட்டுவருவது தவறு. எடுத்தே ஆக வேண்டுமானால் முதலிலேயே அவரிடம் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

சொந்தத் தயாரிப்பு, உடனுக்குடன் மாறும் திரைகள், நெட் ஓரளவு நம்பகமான இடம் என்றால் எலிக்சிர். விதிமுறைகளும் கணக்குகளும் நிறைந்த வேலை, டீமில் ஜாவா மனிதர்கள் இருக்கிறார்கள் என்றால் க்ளோஜர். தகவலை உள்ளிடுவது, பட்டியல் காட்டுவது, ரிப்போர்ட் எடுப்பது, அவ்வளவுதான் என்றால் எந்தப் புது மொழியும் உங்களுக்கு எதையும் மிச்சப்படுத்தாது, லாராவெல்லிலேயே எழுதி முடியுங்கள்.

தீர்மானிக்க முடியவில்லை என்றால் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். லாகின் பக்கமும் அழகான ஹோம் பேஜும் எந்த மொழியிலும் வரும், அவற்றை எழுதிப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் ப்ராஜெக்டின் கடினமான மூன்று வேலைகளை மட்டும் எடுங்கள்: சோதனைக் கணக்கில் ஒரு ரூபாய் வாங்கி, கேட்வே அனுப்பும் செய்தியின் கையெழுத்தைச் சரிபார்ப்பது, 'சௌந்தரராஜன்', 'கொளத்தூர்' இரண்டும் உடையாமல் வரும் ஒரு பிடிஎஃப் ரசீது, விபிஎஸ்ஸில் ஏற்றி, ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுப் பதிப்பு போடுவது. இவற்றை எழுத வேண்டியது அந்த மொழி பிடித்துப்போன நீங்கள் அல்ல. டீமில் அதை இதுவரை தொடாத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.